மறுமொழி: ஆர்ட் ஃபிலிமுக்குத் தமிழில் என்ன போடலாம்?

அக்கா, வணக்கம்.

நம் சொற்பட்டியலில் ஆர்ட் ஃபிலிம், கமர்ஷியல் ஃபிலிம் இரண்டுக்கும் 'கலைப்படம், வணிகப்படம்' என்றே போட்டுவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். புழக்கத்தில் உள்ளவைதான். ஆனால் 'கலைப்படம்' பெயராக நிற்காமல் தீர்ப்பாகிவிடுகிறது. அப்படியென்றால் மற்றதில் கலை இல்லையா? இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் சன்கோஸ்ட் தியேட்டரில் விசில் பறக்க ஓடும் படத்தில், ஒரு சண்டையை நூறு துண்டாக வெட்டித் தாளம் தவறாமல் ஒட்டியிருக்கிறாரே எடிட்டர், அது என்ன வேலை? (நம் சாட்ஸ்வொர்த் பகுதி மண்டபத்தில் படம் போடும் நோட்டீசில் 'கலைப்படம்' என்று போட்டால் பாதிப் பேர் வரவே மாட்டார்கள், அது வேறு கதை.)

இரண்டையும் பிரிப்பது பணம் எதை நம்பி வருகிறது என்பதுதான். 1955இல் வெளிவந்த சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யை முடிக்க மேற்கு வங்க அரசு கொடுத்த பணம் சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதப்பட்டது. படம் எடுக்கக் கடன் கொடுக்க இந்திய அரசு 1960இல் தொடங்கிய ஃபிலிம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன், அந்தப் பத்தாண்டின் கடைசியில் புதியவர்களுக்குச் சிறு கடன் கொடுத்த பிறகுதான் இந்தியில் ஆர்ட் ஃபிலிம் அலை எழுந்தது. விநியோகஸ்தர் ஏரியாவாரியாக முன்பணம் கொடுக்கும் படத்திலோ, பாட்டு எத்தனை, ஹீரோ யார் என்பதெல்லாம் அந்தப் பணத்தோடு சேர்ந்தே வந்துவிடும்.

ஆகவே என் பரிந்துரை: வசூல்சார் திரைப்படம், வசூல்சாராத் திரைப்படம். முதலாவது வினைத்தொகை, வலி மிகாது (நடுவில் 'த்' வராது). இரண்டாவது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், மிகும்.

*

தம்பி,

இலக்கணம் சரி. 'காக்கா முட்டை'யை எங்கே வைப்பாய்? 2014இல் டொராண்டோ விழாவுக்குப் போனது, 2015இல் தியேட்டரிலும் நன்றாக ஓடியது. தயாரித்தவர்கள் தனுஷும் வெற்றிமாறனும். வசூலே வேண்டாம் என்றா எடுத்திருப்பார்கள்? இந்திக்காரர்கள் இந்த நடுவகையை மிடில் சினிமா என்பார்கள். நமக்கு 'இடைப்படம்' போதும், மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்.

இன்னொன்று. 'வசூல்சாராத்' என்று நம் பிள்ளைகளைச் சொல்லச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். சொற்பட்டியலில் உன் சொல் இருக்கட்டும். நோட்டீசில் 'விழாப்படம்' என்று போடு. 1979இலிருந்து டர்பனில் திரைப்பட விழா நடக்கிறது, எந்த மாதிரிப் படம் என்று யாருக்கும் விளக்க வேண்டாம். விழாவுக்குப் போகாத படத்தை என்ன செய்வது என்று கேட்பாய், தெரியும். அதற்குத்தான் உன் நீளச் சொல் இருக்கிறதே.

வியாழனுக்குள் திருத்தி அனுப்பு, அச்சுக்குப் போக வேண்டும்.