பழைய பிக்கப்பின் ஸ்பிரிங் விறைப்பை எப்படித் தீர்மானிப்பது?

வணக்கம். நான் புதுப்பித்துவரும் 1967ஆம் ஆண்டு செவர்லே சி10 பிக்கப்பில் நான்கு சுருள் ஸ்பிரிங்குகளையும் மாற்ற வேண்டியிருப்பதால், அனுபவமுள்ளவர்களின் ஆலோசனையை வேண்டுகிறேன்.

வெற்று வண்டியில் பின்சக்கரம் ஒவ்வொன்றின் மீதும் 800 பவுண்டு எடை நிற்கிறது. அதில் அச்சு, சக்கரம் போன்ற ஸ்பிரிங் தாங்காத பாகங்களுக்கு ஏறத்தாழ 200 பவுண்டைக் கழித்தால் 600 மிஞ்சுகிறது. வண்டி ஸ்பிரிங்கின் மீது நொடிக்கு 1.5 முறை மேலும் கீழும் அதிரும் என்று வைத்துக்கொண்டால், சக்கரத்தில் அங்குலத்துக்குச் சுமார் 138 பவுண்டு விறைப்பு தேவை என்று கணக்கு வருகிறது. ஆனால் சரக்கேற்றிப் பக்கத்துக்கு 500 பவுண்டு கூடினால் வண்டி மூன்றரை அங்குலத்துக்கு மேல் தாழும்; அச்சு மேலே வந்து இடிக்காமல் தடுக்கும் ரப்பருக்கும் அச்சுக்கும் இடையே எனக்கு இருப்பதோ மூன்று அங்குல இடைவெளிதான். அந்த ரப்பரின் நுனி ஏற்கெனவே நசுங்கியிருக்கிறது. அச்சில் அது மோதிய இடத்தில் பெயின்ட் உரிந்து, இரும்பு வட்டமாகப் பளபளக்கிறது.

முன்புறத்தில் சக்கரத்தைத் தாங்கும் கையின் நடுவே ஸ்பிரிங் அமர்வதால், நகர்வு விகிதம் (சக்கரம் ஓர் அங்குலம் நகரும்போது ஸ்பிரிங் அமுங்கும் அளவு) 0.5 என்றால் ஸ்பிரிங் விறைப்பில் நான்கில் ஒரு பங்கே சக்கரத்துக்குக் கிடைக்கும் என்பது புரிகிறது.

பெரும்பாலும் வெற்றாகவே ஓடும் வண்டி என்பதால், பின்னால் மென்மையான சீர்விறைப்பு (விறைப்பு மாறாத) ஸ்பிரிங்கோடு, சுமையைத் தாங்க உதவும் காற்றுப்பை சேர்ப்பதே நல்லது என்று நினைக்கிறேன். அல்லது அமுங்க அமுங்க விறைப்புக் கூடும் ஸ்பிரிங் போதுமா? இரண்டில் ஒன்றைப் பொருத்தியவர்கள், ஷாக் அப்சார்பரையும் மாற்ற நேர்ந்ததா என்பதோடு, சுமைக்கு முன்னும் பின்னும் அளந்த உயரங்களையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.