ஃபோர்க் ஆன சைல்ட் சிஸ்லொக்கில் உறையுது – உதவி தேவை

வெள்ளவத்தை_சி:
டெபியன் 12, ஜிலிப்சி (சி லைப்ரரி) 2.36. புறக்கோட்டைக் கடைகளின் பில் மெஷின்கள் அனுப்புற கணக்கை எட்டு த்ரெட் (ஒரே புரொசெஸுக்குள்ள சமாந்தரமா ஓடுற வேலைகள்) வாங்குது. அறிக்கை எடுக்க ஒரு த்ரெட் ஃபோர்க் பண்ணி (புரொசெஸைப் பிரதி எடுத்து), சைல்டுக்குள்ள (அந்தப் பிரதிக்குள்ள) "தொடங்குது" எண்டு சிஸ்லொக்கில (சிஸ்டத்தின்ர பதிவில) எழுதிப்போட்டு எக்செக் பண்ணும் (அறிக்கை புரோகிராமுக்கு மாறும்). பின்னேரம் கடைகளில சனம் கூடினா சில சைல்ட் அப்பிடியே நிக்குது, சிபியு பூச்சியம். சில வேளை பதிவில சேவையின்ர பெயருக்குப் பதிலாக் குப்பை எழுத்து. சிஸ்லொக் த்ரெட்-சேஃப் (பல த்ரெட் ஒரே நேரம் கூப்பிடலாம்) எண்டுதானே மேனுவல் சொல்லுது?

தெஹிவளை_கேர்னல்:
நிக்கிற சைல்டின்ர பிஐடிக்கு (புரொசெஸ் இலக்கத்துக்கு) ஜிடிபி (டிபக்கர்) கொழுவி பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷனில நிக்குது எண்ட பட்டியல்) எடுத்துப் போடுங்கோ. ஓபன்லொக் (சிஸ்லொக்குக்குச் சேவையின்ர பெயரைக் குடுக்கிற ஃபங்ஷன்) கூப்பிடுற இடமும் வேணும்.

வெள்ளவத்தை_சி:
மேல எல்எல்எல்_லொக்_வெயிட்_பிரைவேட் (பூட்டுக்குக் காத்திருக்கிற ஃபங்ஷன்), அதுக்குக் கீழ விசிஸ்லொக்_இன்டர்னல், பிறகு எங்கட ஃபங்ஷன். ஓபன்லொக்குக்குக் குடுக்கிறது, தொடக்க ஃபங்ஷனுக்குள்ள இருக்கிற 32 எழுத்து லோக்கல் அரே.

தெஹிவளை_கேர்னல்:
ரெண்டும் வேற வேற பிழை.

குப்பை எழுத்து: ஓபன்லொக் பெயரைப் பிரதி எடுக்காது, பொயின்டரை மட்டும் வைச்சிருக்கும். ஃபங்ஷன் முடிய ஸ்டெக்கில அந்த இடத்தை வேற ஆள் எழுதிப்போடும். அரேயை ஸ்டெட்டிக் ஆக்குங்கோ, அவ்வளவுதான்.

உறையிறது: சிஸ்லொக் உள்ளுக்குள்ள ஒரு பூட்டைப் பிடிச்சுக்கொண்டுதான் சொக்கெட்டுக்கு அனுப்பும். அந்த நேரம் இன்னொரு த்ரெட் ஃபோர்க் பண்ணினா, பூட்டு பூட்டின நிலையிலயே சைல்டுக்குப் போகும். திறக்க வேண்டிய த்ரெட் அங்க இல்லை. சனம் கூடின நேரம் பதிவும் கூட, அதனாலதான் பின்னேரம் மாட்டுது. த்ரெட்-சேஃப் எண்டது ஒரே புரொசெஸுக்குள்ள மட்டும். பல த்ரெட் உள்ள புரொசெஸ் ஃபோர்க் ஆனா, எக்செக் வரைக்கும் சைல்டில சிக்னல் ஹேண்ட்லருக்குள்ள (சிக்னல் வந்தா இடையில ஓடுற ஃபங்ஷனுக்குள்ள) கூப்பிடக்கூடியதுகளை மட்டும்தான் கூப்பிடலாம் எண்டு பொசிக்ஸ் (யூனிக்ஸ் மாதிரி சிஸ்டங்களின்ர தரநிலை) சொல்லுது. சிஸ்லொக் அந்தப் பட்டியலில இல்லை.

ஏமாத்துற விசயம் ஒண்டு: மெலொக் (மெமரி ஒதுக்கிற ஃபங்ஷன்), ஸ்டிடிஐஓ (பிரின்ட்எஃப் இருக்கிற பகுதி) பூட்டுகளை ஜிலிப்சி ஃபோர்க்கில தானே சரிசெய்யும். அதால சைல்டில பிரின்ட்எஃப் ஓடும், "அப்ப சிஸ்லொக்கும் ஓடும்" எண்டு ஆக்கள் நம்பிவிடுவினம்.

வெள்ளவத்தை_சி:
சிஸ்லொக்கைச் சுத்தி எங்கட மியூடெக்ஸ் (பூட்டு) போட்டா?

கொட்டாஞ்சேனை_பிட்:
வெறுமனே போட்டா அந்த மியூடெக்ஸும் பூட்டினபடியே சைல்டுக்குப் போகும். பிதிரெட்_அட்ஃபோர்க்கில (ஃபோர்க்குக்கு முன்னும் பின்னும் ஓட ஃபங்ஷன் பதியிற வழி) ஃபோர்க்குக்கு முன் பிடிச்சு, பேரன்டிலயும் (ஃபோர்க் பண்ணின புரொசெஸிலயும்) சைல்டிலயும் விடலாம். ஆனா வேற லைப்ரரி நேர சிஸ்லொக்கைக் கூப்பிட்டா அது உங்கட மியூடெக்ஸைக் கேக்காது. நான் அந்தப் பக்கம் போகமாட்டன்.

பேரன்ட் ஃபோர்க்குக்கு முன்னமே எழுதட்டும். ஃபோர்க்குக்குப் பதில் பொசிக்ஸ்_ஸ்போன் (புது புரோகிராமை ஒரே கூப்பிடுதலில தொடங்கிற ஃபங்ஷன்). ஃபோர்க்தான் வேணுமெண்டா சைல்டுக்கும் பேரன்டுக்கும் இடையில ஒரு பைப்பை ஓ_க்ளோஎக்செக் (எக்செக் சரிவந்தா தானா மூடும்) போட்டுத் திறவுங்கோ. எக்செக் பிழைச்சா சைல்ட் எர்னோவை (பிழை இலக்கத்தை) பைப்பில ரைட் பண்ணி, எக்சிட் இல்லாம அண்டர்ஸ்கோர்-எக்சிட்டால வெளிய வரட்டும். பேரன்ட் தன்ர பக்கத்து எழுதும் முனையை மூடிப்போட்டு வாசிக்கட்டும்: பூச்சியம் பைட் வந்தா எக்செக் சரி, எர்னோ வந்தா பேரன்ட் பதியும்.

தெஹிவளை_கேர்னல்:
சோதிக்க: எட்டு த்ரெட்டும் இடைவிடாம சிஸ்லொக் எழுத, ஒன்பதாவது ஃபோர்க் பண்ணிக்கொண்டே இருக்கட்டும். பழைய கோட் கெதியா மாட்டும். சிக்டேர்ம் (நிப்பாட்டச் சொல்லுற சிக்னல்) ஹேண்ட்லருக்குள்ளயும் சிஸ்லொக் இருக்கோ எண்டு பாருங்கோ. இருந்தா, சிஸ்லொக் எழுதிக்கொண்டிருக்கேக்க சிக்னல் வந்தா, ஃபோர்க் இல்லாமலே பேரன்ட் அதே பூட்டில மாட்டலாம்.

வெள்ளவத்தை_சி:
இருக்கு. அதை ஒரு ஃப்ளெக் மட்டும் வைக்கிற மாதிரி மாத்தி, பதியிறதை மெயின் லூப்புக்குக் குடுக்கிறன்.