சேசோன் பியரில் புளிப்பு வாடை: உதவி தேவை

நாகர்கோவிலில் வசிக்கிறேன். பெல்ஜியத்தின் வலோனியாப் பகுதியிலிருந்து என் மைத்துனர் சென்ற மார்கழியில் கொண்டுவந்த சேசோன் என்னும் பண்ணை பியரில், மிளகுக் காரமும் ஆரஞ்சுத் தோல் மணமும் தெரிய வேண்டிய இடத்தில், புளித்துப்போன அக்கானியின் (பதநீரின்) வாடையே முந்தி நிற்கிறது. 750 மி.லி. புட்டிகள், அனைத்தும் ஒரே தொகுதி. மூடியைத் திறந்ததுமே நுரை பொங்கி வழிய, அடியிலுள்ள ஈஸ்ட் வண்டல் கலங்கி மேலேறிவிடுகிறது. புட்டிக்குள்ளேயே மீண்டும் நொதிக்கும் வகை என்பதால் நுரை மிகுதியாக இருப்பது இயல்புதான், ஆனால் இந்த அளவுக்கு அன்று.

புட்டியை நிமிர்த்தி வைத்துக் குளிரூட்டினேன். சாய்த்த குவளையில் மெல்ல ஊற்றி, வண்டலை ஒதுக்கி, 10 டிகிரிக்கு வரும்வரை காத்திருந்தும் சுவைத்தேன். மாற்றமில்லை. பழைய பியருக்குரிய ஈர அட்டை வாடையும் இல்லை.

இது பாக்டீரியாத் தொற்றா, அல்லது காட்டு ஈஸ்ட் சேர்க்கும் சில பண்ணை பியர்களுக்கே உரிய புளிப்பா?