சரக்கு ரயில் இரைச்சல்: செல்லத்தக்க ஒலி அளவீடு தேவை

கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டிய எங்கள் தெருவில், பொங்கலுக்குப் பிறகு, நள்ளிரவிலிருந்து விடியும் வரை சரக்குப் பெட்டிகளை இணைக்கும்போது எழும் மோதல் ஓசையும் வளைவில் சக்கரங்கள் உராயும் கிறீச்சொலியும் கைக்குழந்தைகளையும் முதியவர்களையும் உறங்க விடுவதில்லை. லெவல் கிராசிங்கில் ஊதுவது பாதுகாப்புக்காக. அதை நிறுத்தும்படி நாங்கள் கேட்கவில்லை.

கையெழுத்திட்டு மனு கொடுத்தோம். ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி பொருத்தியும், அடித்தளத்தின் வழியே ஏறிவரும் அதிர்வு குறையவில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என வரம்பு வகுத்துள்ளன. எங்கள் கைப்பேசிச் செயலி 80க்கு மேல் காட்டியும், அளவுத்திருத்தம் செய்யப்படாத (சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்துச் சீர்செய்யப்படாத) கருவி என்று அதிகாரிகள் அதை ஏற்க மறுத்துவிட்டார்கள்.

இரவில் நேரில் வந்து அளந்து, அதிகாரிகள் ஏற்கத்தக்க அறிக்கை தரும் ஆய்வகம் சென்னையில் எது?