நடுவர் 'நிலை' வேண்டாம், 'நிற்பிடம்' போதும்

நண்பர்களுக்கு வணக்கம்.

பேஸ்பால் கலைச்சொல் பட்டியலில், நடுவர்கள் களத்தில் நிற்கும் இடத்துக்கு 'நடுவர் நிலை' என்று முன்வைத்திருந்தீர்கள். சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திருவாரூர்க்காரனுக்கு நிலை என்றதும் ஆழித்தேர்தான் நினைவுக்கு வரும். தேர் நிலைக்கு வந்துவிட்டால் அப்புறம் அடுத்த திருவிழாவுக்குத்தான் நகரும். இந்த நடுவரோ ஆட்டத்தின் போக்கைப் பார்த்து இடம் மாறிக்கொண்டே இருப்பவர். ஆகவே 'நிற்பிடம்' என்கிறேன்.

இரண்டே நடுவர்கள் உள்ள ஆட்டத்தைப் பாருங்கள். ஒருவர் பந்து பிடிப்பவருக்குப் பின்னால் நிற்கிறார். மற்றவர், தளங்களில் ('பேஸ்') ஓட்டக்காரர் யாரும் இல்லாதபோது, முதல் தளக் காவலருக்குப் பத்துப் பன்னிரண்டு அடி பின்னால், களத்தின் பக்கக் கோட்டுக்கு வெளியே நிற்பார். முதல் தளத்தில் மட்டும் ஆள் இருந்தால், பந்து வீசுபவர் நிற்கும் வீசுமேட்டுக்கும் இரண்டாம் தளத்துக்கும் நடுவே, முதல் தளப் பக்கமாக உள்ளே வந்துவிடுவார். இரண்டாம் தளத்தில் ஆள் இருந்தால் மூன்றாம் தளப் பக்கம் தள்ளிக்கொள்வார். இவற்றை ஆங்கிலத்தில் ஏ, பி, சி என்கிறார்கள். நாம் அ, ஆ, இ நிற்பிடங்கள் என்றே சொல்லலாம். 'முதல் நிற்பிடம்' என்றால் முதல் தளத்தோடு குழம்பும்.

அடுத்தது 'ஸ்லாட்', அதாவது பிடிப்பவருக்குப் பின்னால் உள்ள நடுவர் ஒதுங்கி நிற்கும் இடம். 'துளை' என்று ஒருவர் எழுதியிருந்தார். அங்கே துளை ஏதும் இல்லை. பிடிப்பவரின் தோளுக்கும் மட்டையாளருக்கும் நடுவே உள்ள இடைவெளி அது. வலக்கை மட்டையாளர் என்றால் பிடிப்பவரின் இடத்தோள் பக்கம், இடக்கை என்றால் வலத்தோள் பக்கம். நேர் பின்னால் நின்றால் பிடிப்பவரின் தலை மறைக்கும் என்பதால்தான் இந்த ஒதுங்கல்.

எனக்கு முதலில் தோன்றியது 'முடுக்கு'. இரண்டு வீட்டுச் சுவருக்கு நடுவே ஆள் ஒருக்களித்துப் போகிற வழியை எங்கள் தெருவில் அப்படித்தான் சொல்வோம். ஆனால் இயற்பியல்காரர்கள் முடுக்கத்தை எடுத்துக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். 'தோளிடுக்கு' என்றால் அக்குள் நினைவு வருகிறது! ஆகவே 'தோள்சந்து' என்கிறேன். "நடுவர் தோள்சந்தில் நின்றார்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், உறுத்தவில்லை.

அமெரிக்கப் பெருந்தொடரில் ('மேஜர் லீக்') வழக்கமாக நான்கு நடுவர்கள், தளத்துக்கு ஒருவர். பருவ முடிவுச் சுற்றுகளில் ஆறு பேர். கூடுதலாக வரும் இருவரும் வெளிக்களத்தில் கோட்டோரம் நிற்பதால் 'கோட்டோர நடுவர்' என்றால் போதும்.

பட்டியலில் ஹோம் பிளேட்டுக்கு, அதாவது மட்டையாளர் பக்கத்தில் நின்று ஆடும் தளத்துக்கு, 'இல்லத்தட்டு' என்று இருப்பதை இப்போது நான் தொடவில்லை. அதற்குத் தனி மடலே எழுத வேண்டும்.