சின்ன ஊரில் குடியேறியவர்களுக்கு: டவுன் கவுன்சிலிடம் கணக்குக் கேட்பது எப்படி

லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தப் பதிவு அதிகம் உதவாது. அங்கே டவுன் கவுன்சில் என்ற அடிமட்ட உள்ளாட்சி அடுக்கே கிட்டத்தட்டக் கிடையாது. மருத்துவமனை வேலைக்கோ, கேர் ஹோம் வேலைக்கோ, வாடகை கட்டுப்படியாகிறது என்றோ இங்கிலாந்தில் சாமர்செட், ஷ்ராப்ஷயர், லிங்கன்ஷயர் மாதிரி இடங்களில் ஒரு சின்ன ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறீர்களா? உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் உள்ளூர் வரியான கவுன்சில் டாக்ஸ் பில்லை எடுத்துப் பாருங்கள். மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கவுண்டி கவுன்சிலுக்கு எவ்வளவு, அதைவிடச் சின்ன டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலுக்கு எவ்வளவு, போலீசுக்கு, தீயணைப்புக்கு எவ்வளவு என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். அவற்றோடு உங்கள் ஊர்ப் பெயரில் ஒரு சின்னத் தொகை இருக்கும். அதுதான் டவுன் கவுன்சில் கேட்டு வாங்கும் பங்கு, பிரிசெப்ட் என்பார்கள். சில ஊர்களில் இதையே பாரிஷ் கவுன்சில் என்பார்கள். சட்டப்படி இரண்டும் ஒன்றுதான். பெரிய கவுன்சில்கள் அரசு வைத்த வரம்பைத் தாண்டி வரியை ஏற்ற வேண்டுமானால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். டவுன் கவுன்சிலுக்கு இதுவரை அப்படி ஒரு வரம்பு வைக்கப்படவில்லை. தொகை சின்னதுதான், ஆனால் கடிவாளம் இல்லாதது.

சாலைப் பள்ளம், பள்ளிக்கூட அட்மிஷன் எல்லாம் கவுண்டி. குப்பைத் தொட்டி, வீடு, கட்டட அனுமதி எல்லாம் டிஸ்ட்ரிக்ட். சில பகுதிகளில் இரண்டும் சேர்ந்து ஒரே யூனிட்டரி கவுன்சில். பூங்கா, விளையாட்டுத் திடல், கல்லறைத் தோட்டம், பஸ் நிழற்குடை, பொதுக் கழிப்பறை, கிறிஸ்துமஸ் விளக்கு, காய்கறி போட வாடகைக்கு விடும் நிலம் ஆகியவைதான் பெரும்பாலும் டவுன் கவுன்சிலின் கையில் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்டுவதை டவுன் கவுன்சில் தடுக்கவும் முடியாது, அனுமதிக்கவும் முடியாது. கருத்துச் சொல்லலாம், அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் பேரூராட்சி சரியில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுப்போம். மேலே ஓர் அதிகாரி இருக்கிறார், அவர் கூப்பிட்டுக் கேட்பார் என்ற நம்பிக்கை நமக்குள் ஊறிப்போனது. இங்கே வந்தும் அந்தக் கலெக்டரைத் தேடுகிறோம். டிஸ்ட்ரிக்டுக்கு எழுதுகிறோம், எம்.பி.க்கு எழுதுகிறோம், "இது எங்கள் வரம்பில் வராது" என்று மரியாதையான பதில் வருகிறது. அவர்கள் தட்டிக்கழிக்கவில்லை, உண்மையைத்தான் சொல்கிறார்கள். டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் டவுன் கவுன்சிலுக்கு மேலதிகாரி கிடையாது. பெரிய கவுன்சில்கள் மீதான புகாரை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மன் பொதுவாக டவுன் கவுன்சில் மீதான புகாரை எடுப்பதில்லை. கணக்கென்றால் ஆடிட்டர், தகவல் மறுத்தால் இன்ஃபர்மேஷன் கமிஷனர், கடைசியில் ஐகோர்ட். இவர்களைத் தவிர டவுன் கவுன்சிலைக் கேள்வி கேட்க வேண்டியது அந்த ஊர் வாக்காளர்தான். வாக்காளர் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கமாட்டார்கள்.

அதனால்தான் வந்த முதல் மாதமே வாக்காளர் பட்டியலில் பெயரை ஏற்றுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். "நாம் சிட்டிசன் இல்லையே, நமக்கேது ஓட்டு" என்று பத்து வருடமாகச் சும்மா இருந்தவர்களை எனக்குத் தெரியும், மனம் வலிக்கிறது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் காமன்வெல்த் குடிமக்கள். செல்லுபடியாகும் எந்த விசாவில் இருந்தாலும், மாணவராக இருந்தாலும், இந்த நாட்டின் எல்லாத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். அரசின் இணையதளத்தில் நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணைக் கொடுத்துப் பதிய வேண்டும், சில நிமிட வேலை. பிரான்ஸ், ஜெர்மனியில் குடியுரிமை வாங்கிவிட்டு இங்கே வந்த நம்மவர்களுக்கு மட்டும் 2024 மே மாதத்திலிருந்து விதி வேறு. 2020 முடிவதற்கு முன்பே வந்து சட்டப்படி தங்கியிருப்பவர்களுக்கு உள்ளூர்த் தேர்தல் ஓட்டு உண்டு, பிறகு வந்தவர்களுக்கு இல்லை.

ஓட்டுப் போடப் போகும்போது போட்டோ உள்ள அடையாள அட்டை வேண்டும், 2023 மே தேர்தலிலிருந்து இது கட்டாயம். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டே போதும்.

அடுத்தது கூட்டம். டவுன் கவுன்சில் கூட்டங்களுக்குப் பொதுவாகப் பொதுமக்கள் போய் உட்காரலாம். 1960 சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. மார்கரெட் தாட்சர் நாடாளுமன்றத்தில் தன் முதல் பேச்சையே இந்த மசோதாவுக்காகத்தான் பேசினார். கூட்டத்துக்கு முழுதாக மூன்று நாள் முன்னதாகவே அறிவிப்பை ஒட்ட வேண்டும், என்ன பேசப்போகிறார்கள் என்ற அஜெண்டாவும் வெளிவர வேண்டும். அஜெண்டாவில் இல்லாத விஷயத்தில் சட்டப்படி முடிவெடுக்க முடியாது. "இதர விஷயங்கள்" என்ற தலைப்பில் செலவு எதையாவது ஒப்புக்கொண்டால், அது தவறு என்று தைரியமாகச் சொல்லலாம். 2014 முதல் கூட்டத்தை வீடியோ எடுக்கவும் உரிமை உண்டு. போய் உட்கார உரிமை இருக்கிறதே தவிர, எழுந்து பேச சட்டத்தில் உரிமை இல்லை. ஆனாலும் பெரும்பாலான கவுன்சில்கள் ஆரம்பத்தில் பொதுமக்களுக்கென்று கொஞ்ச நேரம் ஒதுக்குகின்றன. முன்கூட்டியே கிளார்க்குக்கு ஒரு இமெயில் போட்டுவிட்டுப் போனால் நல்லது.

கிளார்க் என்றதும் குமாஸ்தா என்று நினைத்துவிடாதீர்கள். கவுன்சிலின் சம்பளம் வாங்கும் தலைமை அலுவலர் அவர்தான், பெரும்பாலும் கணக்குக்கும் அவரே பொறுப்பு. சின்ன ஊரில் பகுதிநேர ஆளாகத்தான் இருப்பார். கவுன்சிலர்களில் பெரும்பாலோர் சம்பளமே வாங்குவதில்லை. மேயர் கழுத்தில் சங்கிலி போட்டிருந்தாலும் அவர் தனியாக ஒரு பெஞ்ச் கூட வாங்க உத்தரவிட முடியாது. முடிவு என்றால் கவுன்சில் எடுக்க வேண்டும், அல்லது கமிட்டி, அல்லது அதிகாரம் கொடுக்கப்பட்ட அலுவலர். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு கவுன்சிலர் சொன்னால், எந்தக் கூட்டத்தில் அந்த முடிவு எடுக்கப்பட்டது என்று கேளுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை மார்ச் 1-க்கும் ஜூன் 1-க்கும் நடுவில் ஊர்க் கூட்டம் ஒன்று நடக்கும். மேயரைத் தேர்ந்தெடுக்க மே மாதம் கவுன்சில் நடத்தும் கூட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இது வாக்காளர்களின் கூட்டம், ஏறக்குறைய நம் கிராம சபை. இங்கே பேசவும் வாக்களிக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. பல ஊர்களில் நாலைந்து பேர்தான் வருகிறார்கள். இரண்டு தமிழ்க் குடும்பங்கள் போய் உட்கார்ந்தாலே கூட்டத்தின் போக்கு மாறும்.

சரி, கணக்குக்கு வருகிறேன். இதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிய உரிமையாக நினைக்கிறேன். நிதியாண்டு மார்ச் 31-இல் முடியும். அதன்பின் கவுன்சில் அறிவிக்கும் 30 வேலை நாட்களில், கவுன்சிலின் கணக்குப் புத்தகம், ஒப்பந்தம், பில், வவுச்சர், ரசீது எல்லாவற்றையும் நேரில் பார்த்து நகல் எடுக்கும் உரிமையை 2014-ஆம் ஆண்டின் தணிக்கைச் சட்டம் தருகிறது. எந்த ஊராக இருந்தாலும் ஜூலையின் முதல் பத்து வேலை நாட்கள் இதற்குள் வந்தே தீர வேண்டும். அறிவிப்பு இணையதளத்தின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும், தேடுங்கள். பதிவு பெற்ற வாக்காளர் இந்தக் காலத்துக்குள் வெளி ஆடிட்டரிடம் கேள்வி கேட்கலாம், எழுத்து மூலம் ஆட்சேபணையும் கொடுக்கலாம். ஆட்சேபணை என்றால் ஒரு நகலைக் கவுன்சிலுக்கும் அனுப்ப வேண்டும். ஆண்டுக்கு 25,000 பவுண்டுக்குள் வரவு செலவு இருக்கும் குட்டிக் கவுன்சில்கள் வெளி ஆடிட்டரின் பரிசீலனையிலிருந்து விலக்குப் பெறலாம். அங்கும் நீங்கள் கணக்கைப் பார்க்கும் உரிமை அப்படியே இருக்கிறது.

எங்கள் ஊரில் விளையாட்டுத் திடல் வேலைக்கான பில்களை இப்படித்தான் நானும் இரண்டு அம்மாக்களும் போய்ப் பார்த்தோம். திருட்டு எதுவும் இல்லை. ஆனால் வேறு யாரிடமும் விலை கேட்காமலே ஒரே ஆளுக்கு வேலை போயிருந்தது, மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், அதற்கான காரணமும் இல்லை. அடுத்த கூட்டத்தில் அமைதியாகக் கேட்டோம். இப்போது எத்தனை பேரிடம் விலை கேட்டார்கள் என்பதை மினிட்ஸில் எழுதுகிறார்கள். கணக்கு கேட்பவர்கள் எல்லோரும் ஊழலைப் பிடிக்க வேண்டும் என்பதில்லை. யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே எழுதுகிற கை கவனமாகிவிடும்.

ஜூலைக்குக் காத்திருக்க முடியாதவர்கள் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். டவுன் கவுன்சிலும் அதற்குள் வரும், 20 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். இமெயில் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கவுன்சிலர்களின் நடத்தை சரியில்லை என்றால் டிஸ்ட்ரிக்ட் அல்லது யூனிட்டரி கவுன்சிலில் இதைக் கவனிக்கும் அதிகாரியான மானிட்டரிங் ஆபீசரிடம் புகார் கொடுக்கலாம். ஆனால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். 2011-இல் வந்த லோக்கலிசம் சட்டம் கவுன்சிலரை சஸ்பெண்ட் செய்யும் அதிகாரத்தை எடுத்துவிட்டது. கண்டிக்கலாம், பயிற்சிக்குப் போகச் சொல்லலாம். அந்த அதிகாரத்தைத் திரும்பக் கொண்டுவருவது பற்றி 2024 டிசம்பரில் அரசு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. சொந்தத் தொழில், சொத்து விவரத்தைப் பதிவேட்டில் மறைத்தால் மட்டும் அது கிரிமினல் குற்றம். அந்தப் பதிவேடு இணையத்திலேயே இருக்கும், கட்டாயம் பாருங்கள்.

செஷயரில் ஹேன்ட்ஃபோர்த் என்ற ஊரின் பாரிஷ் கவுன்சில் ஜூம் கூட்டம் 2021 பிப்ரவரியில் உலகம் முழுக்கப் பரவியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. கூட்டத்தை நடத்தித் தர வந்த ஜாக்கி வீவர், கத்தியவர்களை வெளியேற்றினார். பின்னால் நடந்த விசாரணை, அவருக்கு அந்த அதிகாரம் இல்லை, ஆனாலும் அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது புரிகிறது என்றது. அதைவிடக் கனமான பாடம் ஹெரிஃபோர்ட்ஷயரின் லெட்பரி ஊரில் கிடைத்தது. அலுவலர்களின் புகாரை வைத்து லிஸ் ஹார்வி என்ற கவுன்சிலரை எல்லாக் கமிட்டிகளிலிருந்தும் அந்த டவுன் கவுன்சில் தள்ளிவைத்தது. 2018-இல் ஐகோர்ட் அது செல்லாது என்றது. நடத்தை விதிப்படி விசாரிப்பதை விட்டுவிட்டுக் கவுன்சில் தனியாக ஒரு தண்டனை முறை வைத்துக்கொள்ள முடியாது என்பதுதான் தீர்ப்பு. கவுன்சில் நடத்தும் இப்படிப்பட்ட வழக்குச் செலவு எங்கிருந்து வரும்? பில்லில் இருக்கும் அந்தச் சின்னத் தொகையிலிருந்துதான்.

நல்ல பக்கமும் உண்டு. சாமர்செட்டின் ஃப்ரோம் ஊரில் கட்சிகள் மேல் சலிப்படைந்த ஊர்க்காரர்கள் சுயேச்சைகளாகச் சேர்ந்து நின்றார்கள். 2011-இல் 17 இடத்தில் 10, 2015-இல் பதினேழும் அவர்களுக்கே.

முந்தைய பதிவில் கேட்டவர்களுக்குப் பதில்.

"அக்கா, இதெல்லாம் கேட்டால் விசா புதுப்பிக்கும்போது பிரச்சினை வருமா?" வராது தம்பி. கணக்குப் பார்ப்பதும் கூட்டத்துக்குப் போவதும் சட்டம் கொடுத்த உரிமை. தகவல் கேட்பதற்கு இந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது கூடக் கிடையாது. கேட்கும் விதத்தில் மட்டும் கவனம் வேண்டும். கிளார்க்கை ஃபேஸ்புக்கில் பெயர் சொல்லித் திட்டாதே. அவர் ஊழியர், முடிவெடுத்தது கவுன்சில்.

"தங்கச்சி, நான் கவுன்சிலுக்கு நிக்க ஏலுமோ? காசு கட்ட வேணுமோ?" அண்ணா, உங்களிடம் பிரிட்டிஷ் குடியுரிமையோ நிரந்தர வதிவிட அனுமதியோ இருந்தால் தாராளமாக நிற்கலாம். வேலை விசாவில் இருப்பவர்கள் ஓட்டுத்தான் போடலாம், நிற்க முடியாது. டெபாசிட் கிடையாது. முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் போதும். ஊரிலேயே இருக்க வேண்டும் என்றும் இல்லை, ஒரு வருடமாக மூன்று மைலுக்குள் வசித்தாலும் சரி. பல ஊர்களில் இடங்களுக்குப் போட்டியே இருப்பதில்லை. நடுவில் ஓர் இடம் காலியானால் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். அன்றிலிருந்து 14 வேலை நாட்களுக்குள் பத்து வாக்காளர்கள் எழுதிக் கேட்டால் இடைத்தேர்தல் நடத்த வேண்டும், கேட்காவிட்டால் கவுன்சிலே தனக்குப் பிடித்தவரைச் சேர்த்துக்கொள்ளும். அதனால் அந்தப் பலகையை வாரம் ஒருமுறையாவது பாருங்கள்.

"தோட்ட நிலத்துக்கு வெயிட்டிங் லிஸ்ட் மூன்று வருடம் என்கிறார்கள், வழி உண்டா?" 1908-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு வாக்காளர்கள் அல்லது வரி கட்டுபவர்கள் சேர்ந்து எழுதிக் கொடுத்தால், நிலம் தேவை என்ற கோரிக்கையைக் கவுன்சில் பரிசீலித்தே ஆக வேண்டும். உடனே கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆறு கையெழுத்தோடு ஒரு கடிதம் அஜெண்டாவில் ஏறினால் மினிட்ஸில் பதில் எழுதியாக வேண்டும். தெருவில் உள்ள போலந்துக் குடும்பத்தையும், ஓய்வுபெற்ற ஆங்கிலேயர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வெயிட்டிங் லிஸ்டில் அவர்களும்தான் நிற்கிறார்கள். கடிதம் எப்படி எழுதுவது என்று தெரியாதவர்கள் கீழே கேளுங்கள், மாதிரி ஒன்று போடுகிறேன்.