காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பள்ளி திருப்பி அனுப்பலாமா?

வடுவூர் ஆசிரியை:
சென்ற ஐப்பசியில் எங்கள் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் காலையில் பாராசிட்டமால் விழுங்கிவிட்டு வந்து, மதியத்துக்குள் உடம்பு கொதிக்க மேசையில் தலை சாய்த்துவிட்டான். சாரலுக்குப் பயந்து சன்னல்களையெல்லாம் சாத்தியிருந்த அறை அது. அடுத்த வாரம் பாதி பெஞ்சுகள் காலியாக இருந்தன, நானும் படுத்துவிட்டேன். மருந்தின் துணையில்லாமல் காய்ச்சல் தணிந்து 24 மணி நேரம் ஆகும்வரை எந்தப் பிள்ளையையும் வகுப்பில் சேர்ப்பதில்லை என்று பள்ளிகள் கண்டிப்பாக விதி வகுக்க வேண்டும். வேலையிடங்களுக்கும் இதுவே பொருந்தும்.

நாற்றங்கால்:
ஆசிரியை அவர்களின் கவலையை மதிக்கிறேன். விதியை ஏற்க இயலவில்லை. ஃப்ளூ என்னும் தொற்றுக் காய்ச்சல் கண்டவர், உடம்பு சுடுவது தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே கிருமியைப் பரப்பக்கூடும் என்று மருத்துவர்களே சொல்லும்போது, உடம்பு சுட்ட பிறகு வாசலில் மறித்து என்ன பயன்? அதைவிடப் பெரிய கேள்வி, அந்தப் பையன் எங்கே போவான் என்பது. ஐப்பசியில் சம்பா நடவு ஓய்ந்திருக்காது. தாய் வயலுக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் நம் திருக்குவளையிலிருந்துதான் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. அதையும் சத்துணவையும் சேர்த்துப் பார்த்தால், பள்ளிக்குப் போகாத நாள் என்பது சில வீடுகளில் இரண்டு வேளைச் சாப்பாடு இல்லாத நாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எஞ்சுவது பாட்டிதான். 65 வயதைக் கடந்தவர்களுக்கே ஃப்ளூ நிமோனியாவாக முற்றும் ஆபத்து அதிகம். வகுப்பறையைக் காப்பாற்றப் பாட்டியைப் பணயம் வைக்கிறீர்கள்.

குடந்தை வணிகன்:
வேலையிடத்துக்கும் பொருந்தும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நான் ஜவுளிக் கடை நடத்துகிறேன். தீபாவளிக்கு முந்தைய சில நாள் வியாபாரத்தை நம்பித்தான் மற்ற மாதங்களை ஓட்டுகிறோம். இருமுகிறவர்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பினால் பில் போட நான் ஒருவன்தான் மிஞ்சுவேன். முகக்கவசம் கொடுக்கிறேன், காலையில் எல்லோருக்கும் நிலவேம்புக் குடிநீர் கொடுக்கிறேன். இதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

நாகை செவிலியர்:
ஐயா, முகக்கவசம் நல்லது. நிலவேம்புக் குடிநீர் ஃப்ளூ பரவுவதைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அதைக் குடித்த தெம்பில் காய்ச்சல்காரர் வேலைக்கு வந்துவிட்டால் நட்டம்தான். ஏசிக்காகக் கதவடைத்த கடையில் ஒருவர் இருமிய காற்றையே நாள் முழுவதும் எல்லோரும் சுவாசிக்கிறார்கள். கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும். எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். ஆகவே வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, புரட்டாசித் தொடக்கத்திலேயே போட்டுக்கொள்வது நல்லது. பாட்டிக்கும் அதைத்தான் சொல்வேன். காய்ச்சலுக்கு முந்தைய நாளே பரவக்கூடும் என்று நாற்றங்கால் அவர்கள் கூறியது உண்மையே. ஆனால் நோய் தொடங்கிய முதல் மூன்று நாள்களில்தான் தொற்று மிகுதியாகப் பரவுகிறது. அந்த மூன்று நாளை அடைத்தாலே பெரும் பங்கு அடைபடும்.

குடந்தை வணிகன்:
ஊசிச் செலவைக் கணக்குப் பார்க்கிறேன். விடுப்புக்கு வருவோம். ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் தகுதியுள்ள ஊழியருக்கு நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். ஆனால் பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. கிருமி அதிகம் பரவும் அதே இரண்டு நாள்! சம்பளம் போகும் நாளில் தனக்குக் காய்ச்சல் என்று எவர் ஒப்புக்கொள்வார்? என் ஊழியர் மாத்திரை போட்டுக்கொண்டு வருவதும் அந்தப் பையன் வந்ததும் வேறு வேறு கதை அல்ல.

நாற்றங்கால்:
அப்படியானால் அந்த இரண்டு நாள் சம்பளத்தை நீங்களே கொடுக்கலாமே.

குடந்தை வணிகன்:
போனஸ் கொடுக்கும் மாதத்தில் கேட்கிறீர்கள். சரி, ஆண்டுக்கு ஒரு முறை, இரண்டு நாள், மருத்துவச் சீட்டு கேட்காமல் தருகிறேன். சீட்டு கேட்டால் காய்ச்சலோடு மருத்துவமனை வரிசையில் நின்று அங்கேயும் பரப்புவார்கள். தீபாவளிக்கு முதல் நாள் மட்டும் பொய்க் காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும்.

வடுவூர் ஆசிரியை:
ஒன்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆண்டு விழாவில் முழு வருகைக்குப் பரிசு கொடுப்பவர்கள் நாங்கள்தாம். அந்தப் பையன் முந்தைய ஆண்டு டிபன் பாக்ஸ் வாங்கியவன். இந்த ஆண்டும் வாங்கத்தான் மாத்திரையோடு வந்தான் போலும். பள்ளி மேலாண்மைக் குழுவில் அப்பரிசை நிறுத்தச் சொல்வேன். சாரல் அடிக்காதபடி சன்னலுக்கு வெளியே சாய்ப்பு இறக்கினால் மழையிலும் திறந்து வைக்கலாம், அதையும் கேட்பேன். 24 மணி நேர விதியை மட்டும் விடமாட்டேன்.

நாற்றங்கால்:
மூன்றாவதாக ஒன்றையும் கேளுங்கள். காய்ச்சலால் வராத பிள்ளையின் உணவை, அதே பள்ளியில் படிக்கும் அண்ணனிடமோ அக்காவிடமோ தூக்குவாளியில் கொடுத்தனுப்ப அனுமதி வேண்டும். அது கிடைக்கும்வரை உங்கள் விதிக்கு என் எதிர்ப்பு நீடிக்கும்.